இடது பக்கத்துத் திரை

பன்னெண்டு ஜிபியா, பதினாறு ஜிபியா? பன்னெண்டே போதும்னு ஒருத்தன் சொல்றான், பதினாறுக்குக் கீழ வாங்கினா ரெண்டே வருசத்துல தலையில கை வெச்சு உக்காருவேன்னு இன்னொருத்தன் சொல்றான், ரெண்டு பேரும் யூடியூப்ல இருக்கறவனுக, ரெண்டு பேருக்கும் தாடி, நான் யாரை நம்பறது? காந்திபுரத்துல மாடியேறி இந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள்ள வந்து ஒரு மணி நேரமாச்சு. கம்பெனியில ரெண்டு மணி நேரம் பர்மிஷன் எழுதிக் குடுத்துட்டு வந்தவன் நான், அதுல பாதி இந்தச் சுத்தற நாற்காலியில சுத்தியே போச்சு. கண்ணாடி மேசை மேல ரெண்டு டப்பா, ரெண்டுலயும் கிராஃபிக்ஸ் கார்டு, ஒன்னு பச்சை டப்பா, ஒன்னு சிவப்பு டப்பா. பச்சையைத் தொட்டா சிவப்பு நல்லதாத் தெரியுது, சிவப்பைத் தொட்டா பச்சை. கடைக்காரர் அபுதாகிர் தங்கமான மனுசன், "அவசரமே இல்லீங்க சார், பொறுமையாப் பாருங்க"ன்னு மூணாவது தடவையாச் சொல்லிட்டுப் போறார், மூணாவது தடவை சொல்றப்ப அது போயிட்டு இன்னொரு நாள் வாங்கங்கற மாதிரியே கேக்குது. எனக்கே என்னை நினைச்சா எரிச்சலா வருது. பம்பு கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கறவன் நான், இந்தச் சேனாபதி கையெழுத்துப் போட்டாத்தான் ஷாஃப்ட்டு லாரி ஏறும், தலைமுடியில பாதி கனம் எச்சா இருந்தாலும் கண்டுபிடிச்சுத் தள்ளி வெச்சிருவேன். அங்க எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு, இது வரைக்கும் சரி, இதுக்கு மேல தப்புன்னு. இங்க என்ன அளவு? செகண்டுக்கு எத்தனை படம் ஓடுது, எத்தனை வாட்டு கரண்டு இழுக்குது, மூணு மானிட்டருக்கும் சேர்த்து எத்தனை புள்ளி, அதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், நோட்டைப் பாக்கப் பாக்க இன்னும் குழம்புது. மூணு மானிட்டருங்க. கம்ப்யூட்டர்ல கார் ரேஸு விளையாடறதுக்கு வீட்டுல ஸ்டீரிங், பெடலு, பழைய மாருதியில இருந்து கழட்டின சீட்டு எல்லாம் இரும்புச் சட்டத்துல வெல்டு வெச்சு ஒரு ரூமையே அடைச்சிருக்கேன், அது முன்னால இத்தனை நாள் ஒரே ஒரு மானிட்டர் இருந்துச்சு. இப்ப நடுவுல ஒன்னு, ரெண்டு பக்கமும் சாய்ச்சு ஒவ்வொன்னு. அப்படி வெச்சாத்தான் காருக்குள்ள உக்காந்து ரெண்டு பக்கத்து ஜன்னலையும் பாக்கற மாதிரி இருக்கும், பக்கத்துல வர்றவன் தெரிவான். அதுக்குத்தான் இவ்வளவும். பக்கத்துல வர்றவன் தெரியணும், அவ்வளவுதான், இதுக்குப் போயி ஏன் இத்தனை யோசனை?

மானிட்டரு ரெண்டும் போன வாரமே வந்திருச்சு. மூணையும் மாட்டினேன், பழைய கார்டுல ரெண்டு வயருக்குத்தான் ஓட்டை, சரின்னு மூணாவது வயரைக் கொண்டுபோயி மதர்போர்டுல இருந்த ஓட்டையில சொருகினேன், என்ன பெரிய புத்திசாலின்னு நினைப்பு. மூணு திரையும் எரிஞ்சுது, வீட்டுக்காரி தாரணியைக் கூப்பிட்டுக் காமிச்சேன், "தியேட்டர் மாதிரி இருக்குதுங்க"ன்னா. ஓட்டிப் பாத்தா இடது பக்கத்துத் திரை மட்டும் பின்தங்கி வருது. நடுத் திரையில வளைவு முடிஞ்சிருது, இடது பக்கம் அதே வளைவு சித்தெ கழிச்சு வருது. கார்டுல போற வயரு வேற, போர்டுல போற வயரு வேறயாம், இது இந்த விளையாட்டுல இருக்கறவன் அத்தனை பேரும் ஒருக்காப் பண்ற தப்பாம், அபுதாகிர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். நான் சிரிக்கல. இடது பக்கம்தான் எனக்கு வேணும். வலது பக்கம் இல்லாட்டிக்கூடப் பரவாயில்ல. மாப்ள இடது பக்கம்தான் வந்தார். மாப்ளன்னா என் தங்கச்சி பூர்ணிமாவோட வீட்டுக்காரர், நவநீதன். வந்தார்னு சொல்றேன், மனசுக்குள்ள வந்தான்னுதான் வருது, தங்கச்சி வீட்டுக்காரரை அப்படிச் சொல்லக் கூடாது. ஞாயித்துக்கெழம சாயங்காலமானா பதினாலு பேரு அவங்கவங்க வீட்டுல உக்காந்து ஆன்லைன்ல ஓட்டற லீக்கு எங்களுது, கோயமுத்தூருக்காரனுக்கு இந்தக் காரோட்டற கிறுக்குக் கொஞ்சம் எச்சுத்தான். நாலு மாசத்துக்கு முந்தி, லீக்கோட கடைசி ரேஸு, கடைசிச் சுத்து, கடைசி வளைவு, இடது பக்கம் திரும்பற வளைவு. நான் முன்னால. மாப்ள எனக்கும் ஓரத்துக்கும் நடுவுல உள்ள வந்தார். நான் திரும்பினேன். ரெண்டு வண்டியும் உரசுச்சு, அவரு போயிச் சுவத்துல மோதினார், நான் போயிக் கோட்டைத் தாண்டினேன். ஷீல்டு எனக்கு. அது பாலிதீன் கவரோட இன்னும் பீரோ மேல கெடக்குது, கவரைப் பிரிக்கக் கை வரல. ஏன் வரலன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது, நேரமில்லன்னு தாரணிகிட்டச் சொன்னேன்.

அன்னைக்கு ஹெட்செட்டுல பதினாலு பேரும் கேட்டுக்கிட்டு இருக்கறப்பத்தான் மாப்ள கேட்டார், கோபமே இல்லாம, "மச்சான், நான் வந்தது தெரியலீங்களா?"ன்னு. "சத்தியமாத் தெரியலீங்க மாப்ள, ஒத்தை ஸ்கிரீன்ல பக்கவாட்டுல வர்றது எங்க தெரியுது"ன்னேன். அதோட விட்டிருக்கலாம். அந்த இடத்துல மூக்கை நுழைச்சது உங்க தப்புத்தானேன்னும் சேர்த்துச் சொன்னேன், ரெண்டு பேரு சிரிச்சானுக. மாப்ள குரூப்புல இருந்து வெளிய போயிட்டார். அதுக்கப்புறம் நாலு மாசம், போன் இல்ல, வரத்துப் போக்கு இல்ல, ஒரு விளையாட்டுக்காக இப்படியான்னு ஊரு கேட்டாச் சிரிக்கும், அதனால ஊருக்கு எதுவும் சொல்லல, வேலைன்னு சொல்லிக்கிட்டோம். நாலு மாசத்துக்கு முந்தி பூர்ணிமாவோட பாப்பாவுக்கு ஏழு மாசம். என் மீசையைப் புடிச்சு இழுத்துட்டுக் கெக்கெக்கேன்னு சிரிக்கும். இப்பப் பதினொன்னு. பதினொன்னுலதான் காது குத்தறாங்க. அடுத்த ஞாயிறு. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும், மாமன் நான் ஒருத்தன்தானே இருக்கேன். இந்தக் கார்டு மட்டும் கிடைச்சுதுன்னா மூணு திரையையும் ஒழுங்கா மாட்டிட்டு மாப்ளையைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, இதா பாருங்க, ஒத்தைத் திரையில ஓட்டுங்க, பக்கத்துல வர்றது தெரியுதா, தெரியல இல்ல? இப்ப மூணுல ஓட்டுங்க, தெரியுதா? தெரியுதில்ல? அவ்வளவுதானுங்க விசயம், அப்படீன்னு அளந்து காமிச்சிருவேன். அளந்து காமிச்சா யாரும் மறுத்துப் பேச முடியாது. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேக்காமயே கேட்ட மாதிரியும் ஆச்சு. அதுக்கு எந்தக் கார்டு? பச்சையா, சிவப்பா? மன்னிப்புக் கேக்கறதுக்குப் பன்னெண்டு ஜிபி போதுமா? அட கெரகமே, நான் என்ன நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

போன் அடிக்குது. தாரணிதான். அரை மணி நேரத்துக்கு முந்தி நான்தான் அவளைக் கூப்பிட்டு சிபியூ கேபினெட்டுக்குள்ள டேப்பு வெச்சு அளக்கச் சொன்னேன். பச்சைக் கார்டு முப்பத்திரண்டு சென்டிமீட்டர் நீளமாம், உள்ள போகுமான்னு தெரியணுமே, ஷாஃப்ட்டை மைக்ரானுல அளக்கறவன் வீட்டுல இருக்கற டப்பாவை அளக்காம வந்திருக்கேன், வெளிய சொன்னா வெட்கக்கேடு. "ஏனுங்க, முப்பத்தொன்னு வருதுங்க"ன்னா. "எங்கிருந்து எங்க?"ன்னேன். "பின்னாடித் தகரத்துல இருந்து முன்னாடி ஃபேன் வரைக்கும்." "ஃபேனை விட்டா?" "ஃபேனை எப்படிங்க விடறது, அது அங்கதான இருக்குது?" அதுவும் சரிதான். அப்பறம் டேப்பைச் சுருட்டிக்கிட்டே அடுத்ததுக்கு வந்தா. "பூர்ணிமா கூப்பிட்டா. பத்திரிகை அடிக்கறாங்களாம். ஒரு மணிக்கெல்லாம் பிரஸ்ஸுக்காரனுக்கு எழுதிக் குடுக்கணுமாம். தாய்மாமன்னு உங்க பேரைப் போடறதா வேண்டாமான்னு கேட்டா." "அதென்னடி கேள்வி?" "நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு அவளுக்கு என்னங்க தெரியும்? நாலு மாசமா நீங்க எட்டிப் பாக்கல. பேரைப் போட்டு நீங்க வராமப் போயிட்டா சபையில அவங்களுக்குத் தலை குனிவுதான? பெரியப்பா பையன் சிவசாமி அண்ணன் பேரைப் போட்டு அவர் மடியிலயே உக்கார வெச்சுக்கலாம்னு அவங்க மாமியார் சொல்றாங்களாம். சொல்றப்பவே அழுகறா." சிவசாமி! அவனுக்கு அந்தப் புள்ளை பேரு தெரியுமா? "கேட்டது பூர்ணிமாவா, மாப்ளயா?" "அவதான். அவரு பக்கத்துல இருந்தாரோ என்னவோ, எனக்கெப்படித் தெரியும்? நீங்களே கூப்பிட்டுப் பேசுங்களேன், போன் என்ன கடிக்கவா போகுது?" பேசறேன் பேசறேன்னு வெச்சிட்டேன். மணி பன்னெண்டே கால். அப்பப் பச்சை உள்ள போகாது, சிவப்புத்தான். ஆனா சிவப்புக்குப் பவர் சப்ளையும் மாத்தணும்னாரே. பேரைப் போடறதா, வேண்டாமா. பவர் சப்ளையை மாத்தறதுக்குப் பதிலா கேபினெட்டை மாத்தினா? கேபினெட்டை மாத்தறதுக்குப் பதிலா மூணு மானிட்டரே வேண்டாம்னு விட்டா? அப்ப மாப்ளைகிட்ட எதை வெச்சு அளந்து காமிக்கறது?

காலையில ரெண்டு இட்லிதான் தின்னது, நினைப்பு எங்கெங்கயோ போறது அதனாலயா இருக்கும். அதா இருக்காது, தெரியுது. அன்னைக்கு அந்த வளைவுக்கு முன்னால மேல ஒரு கண்ணாடி இருந்துச்சு, ஒத்தைத் திரையா இருந்தாலும் பின்னால வர்றதைக் காமிக்கற நீளக் கண்ணாடி ஒன்னு மேல இருக்கும், அதுல மாப்ளயோட மஞ்சள் வண்டி இருந்துச்சு. இருந்துச்சா? அது அதுக்கு முந்தின சுத்தா இருக்கலாம். அப்பறம் கண்ணாடியில இருந்து வண்டி காணாமப் போச்சு. காணாமப் போனா பக்கத்துல வந்துட்டான்னுதான அர்த்தம், அது மூணு வருசமா ஓட்டறவனுக்குத் தெரியாதா? ஆனா தெரியறதும் பாக்கறதும் ஒன்னா? இன்ஸ்பெக்‌ஷன்ல அப்படிச் சொன்னா நானே விடுவனா? பீஸைப் பாக்காம யூகத்துல கையெழுத்துப் போடுவனா? மாட்டேன். அப்ப நான் பாக்கல. பாக்கலன்னுதான் சத்தியம் பண்ணினேன். எதுக்குச் சத்தியம் பண்ணினேன்? அவரு தெரியலீங்களான்னுதான கேட்டார், தெரியலன்னு சொன்னாப் போதுமே, அந்தச் சத்தியம் எங்கிருந்து வந்துச்சு? யாரும் கேக்காமச் சத்தியம் பண்ற சப்ளையரை நான் என்ன பண்ணுவேன்? அவன் பெட்டியைத்தான் முதல்ல பிரிக்கச் சொல்லுவேன். ச்சே, பசி. பசியில புத்தி இப்படித்தான் போகும். "சார், ஒன்னு பண்ணுங்க"ன்னு அபுதாகிர் தோள்கிட்ட வந்து நிக்கறார். "உள்ள மூணு ஸ்கிரீன் போட்டு ஒரு செட்டு வெச்சிருக்கேன், சிவப்புக் கார்டுதான். நாலு சுத்து ஓட்டிப் பாருங்க. நோட்டுல எழுதி எத்தனை நேரம் பாப்பீங்க, கண்ணால பாத்தா முடிஞ்சுது." எனக்கு எந்திரிக்கவே பயமா இருக்குது. எதுக்குப் பயம்? விளையாட்டுக்கு எதுக்குய்யா பயம்?

உக்காந்தேன். அடேங்கப்பா. மூணு திரையும் ஒரே கண்ணாடி மாதிரி சேர்ந்து வருது, இடது பக்கம் பின்தங்கவே இல்ல, ஓரத்துப் புல்லு, வேலி, கூட்டம் எல்லாம் என் தோளைத் தாண்டிப் பின்னால போகுது. தலையைத் திருப்பினா ஜன்னல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு, இதைத்தான் மாப்ளைக்குக் காமிக்கணும், இதைத்தான். முதல் சுத்து பழகறதுக்கே போச்சு, ரெண்டாவது சுத்துல நாலு வண்டியைத் தாண்டிட்டேன், கம்ப்யூட்டரே ஓட்டற வண்டிகதான், ஆனாலும் தாண்டறது தாண்டறதுதானுங்களே. மூணாவது சுத்துல ஒரு நீல வண்டி பின்னாலயே ஒட்டிக்கிட்டு வருது. அபுதாகிர் பக்கத்துல நின்னு, "நல்லா ஓட்டறீங்க சார், உங்களுக்கு இது கரெக்டான கார்டுங்க"ங்கறார். இடது பக்கம் ஒரு வளைவு வருது. நீல வண்டி உள்ள வர்றான். இடது பக்கத்துத் திரையில அவன் மூக்கு தெரியுது, அப்பறம் முன் சக்கரம், அப்பறம் கதவுல எழுதின நம்பரு, முப்பத்தேழு. ஹெல்மெட்டு கூடத் தெரியுது. பகல் வெளிச்சம் மாதிரி தெரியுது. எவ்வளவு இடம் விடணும்னுகூடத் தெரியுது, விட்டேன், ஸ்டீரிங்கை ஒரு விரக்கடை வலது பக்கம் விட்டேன். விட்ட உடனே ஒரே நினைப்புத்தான், போயிருவான், என்னைத் தாண்டிப் போயிருவான்னு. கை ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடிச்சு அந்த இடத்தை மூடுச்சு. நான் மூடல, கை மூடுச்சுன்னு சொல்லலாம்னா கையும் என்னுதுதான். நீல வண்டி சுவத்துல போயிச் சிதறினான். நான் முன்னால போயிட்டே இருக்கேன். அபுதாகிர் விழுந்து விழுந்து சிரிக்கறார், "என்னங்க சார், அவ்வளவு நல்லாத் தெரிஞ்சும் பாத்துக்கிட்டே இடிச்சுட்டீங்களே!" அவரு தமாசுக்குத்தான் சொன்னார். நான் பெடல்ல இருந்து காலை எடுத்துட்டேன், வண்டி தானா ஓடித் தானா நின்னுச்சு, பின்னால வந்ததெல்லாம் ரெண்டு பக்கமும் தாண்டிப் போகுது, ஒவ்வொன்னும் தெளிவாத் தெரியுது.

அன்னைக்கும் இப்படித்தான். இதே மாதிரி ஒரு விரக்கடை விட்டேன், அப்பறம் மூடினேன். மஞ்சள் வண்டியோட மூக்கு ஒத்தைத் திரையிலயே ஓரத்துல தெரிஞ்சுது. தெரிஞ்சுதுங்க. நாலு மாசமா ரெண்டு மானிட்டரு, வயரு, கார்டு, பன்னெண்டு, பதினாறுன்னு என்னத்தையெல்லாமோ சேத்து வெச்சு அந்த மூக்கை மறைச்சுக்கிட்டு இருந்திருக்கேன், த்தூ, என்ன ஆளு நான். மணி பன்னெண்டு ஐம்பது. படிக்கட்டுக்கு வந்து நின்னுக்கிட்டேன், கீழ பஸ்ஸு ஹாரனு காதைப் பொளக்குது. மாப்ள பேரைத் தேடினா நாலு மாசத்துக்குக் கீழ போயிக் கெடக்குது. எடுக்க மாட்டார்னு நினைச்சுத்தான் அழுத்தினேன், எடுக்காட்டித் தேவலைன்னுகூட இருந்துச்சு. ரெண்டாவது மணியிலயே எடுத்தார். "சொல்லுங்க மச்சான்." குரலு அப்படியேதான் இருக்குது. "மாப்ள, அன்னைக்கு நீங்க வந்தது... பாத்தேனுங்க. நல்லாப் பாத்தேன். பாத்துட்டுத்தான் மூடினேன்." லைன் கட்டாயிருச்சோன்னு போனை எடுத்துப் பாத்தேன், செகண்டு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்பறம், "தெரியுமுங்க"ன்னார். "ரீப்ளேயில இருக்குதே. உங்க ஸ்டீரிங்கு எனக்கு ஒருக்கா இடம் விடுது, அதுக்கப்புறந்தான் மூடுது." "அப்ப ஏனுங்க என்னைக் கேக்கல?" "சத்தியம் பண்ணிட்டீங்களே மச்சான். அதுக்கு மேல என்னன்னு கேக்கறது?" ஒரு ஆளு சட்டையைப் புடிச்சு அடிச்சிருந்தாக்கூட எனக்கு இப்படி வலிச்சிருக்காது. படிக்கட்டுலயே உக்காந்துட்டேன். "எதுக்குங்க மூடினீங்க?" அவருக்கு நிசமாவே தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு, கோபமில்ல. எத்தனையோ காரணம் வாய் வரைக்கும் வந்துச்சு, பிரேக்கு, டயரு, வெளிச்சம். "நீங்க ஜெயிச்சிருவீங்க"ன்னேன். "உங்களுக்கு ஸ்டீரிங் புடிக்கச் சொல்லிக் குடுத்தவன் நான், அத்தனை பேரு முன்னால என்னைத் தாண்டிப் போயிருவீங்க. அதுக்குத்தான்." அவரு ஒரு பெருமூச்சு விட்டது கேட்டுச்சு. "அந்த இடத்துல நானா இருந்தாலும் மூடியிருப்பேனுங்க மச்சான். ஆனா அன்னைக்கே சொல்லியிருப்பேன்." மூக்கை உறிஞ்சினேன், படியேறி வந்த ஒரு பொண்ணு என்னைப் பாத்துட்டு ஒதுங்கிப் போச்சு. "பத்திரிகை..."ன்னு இழுத்தேன். "அது காலையிலயே பத்து மணிக்கு உங்க பேரைப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேனுங்க. பூர்ணிமாவுக்கே இன்னும் சொல்லல. நீங்க வந்தாலும் வராட்டியும் மாமன் நீங்கதான, வேற யாரு பேரைப் போடறது?" நான் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன், அவருக்குக் கேட்டிருக்கும், கேக்காத மாதிரி இருந்தார். அப்பறம் கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னார், "மச்சான், ஒன்னே ஒன்னு. பாப்பா இப்பெல்லாம் புது ஆளுகளைக் கண்டா வீறிட்டு அழுகறா. நீங்க ரெண்டு நாளு முன்னாலயே வந்து அவகிட்டப் பழகிக்கங்க."